மூளையில் அடைப்பு, நெஞ்சில் ஏன் ஜெல்?

"தலையில வந்த கோளாறுக்கு நெஞ்சுல இன்னாத்தப்பா தேடுற?"

கடலூர் முதுநகரிலிருந்து வந்திருந்த ஒரு அம்மா, எக்கோ கட்டிலில் இடது பக்கமாகச் சாய்ந்து படுத்தபடி கேட்டார். வயது 65 இருக்கும். இருபது நாளுக்கு முன்பு, காலையில் டீத்தூள் டப்பாவைத் திறக்கப் போனவருக்கு வலது கை வரவில்லை, வாய் கோணிக்கொண்டது. இப்போது நடக்கிறார், பேசுகிறார், கைதான் இன்னும் சரியாகப் பிடி கொடுக்கவில்லை. மகனின் துணிக்கடைப் பை நிறைய ரிப்போர்ட்டுகள்: தலை சிடி, எம்ஆர்ஐ, கழுத்து டாப்ளர், ஈசிஜி, சர்க்கரை, கொழுப்பு. டிஸ்சார்ஜ் சம்மரியில் நோயின் பெயர் தெளிவாக இருந்தது. காரணம் எழுத வேண்டிய இடத்தில் ஒரு கேள்விக்குறி.

நான் புதுச்சேரியில் எக்கோ டெக்னீஷியன். முடிவு சொல்வது டாக்டர்தான். ஆனால் அரை இருட்டு அறையில் இருபது நிமிடம் நோயாளியோடு உட்கார்ந்திருப்பது நான் என்பதால் கேள்விகளும் என்னிடம்தான் வரும். அந்த அம்மாவிடம் துண்டு துண்டாகச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

பக்கவாதம் கை காலில் தெரிகிறது, கோளாறு மூளையில். அங்கே ஒரு ரத்தக்குழாய் வெடித்திருக்கலாம், இல்லை அடைத்திருக்கலாம். 100 பேரில் சுமார் 85 பேருக்கு அடைப்புதான், இங்கே பேசப்போவதும் அதைப் பற்றித்தான். போகிற போக்கில் ஒன்று. அடைத்த கட்டியைக் கரைக்கும் ஊசியை, ஆரம்பித்து நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். வாய் கோணியவருக்குப் புறா ரத்தம் தேடி அலைந்துவிட்டு மறுநாள் வருகிறவர்களை இன்றைக்கும் பார்க்கிறேன். அந்த அலைச்சலில் போவது இந்த நாலரை மணி நேரம். 108-க்குப் போன் போட்டுவிடுங்கள்.

சரி, அடைப்பு எங்கிருந்து வருகிறது? கழுத்தில் மூளைக்குப் போகும் பெரிய குழாயில் கொழுப்பு படிந்து, அதிலிருந்து ஒரு துணுக்கு பிய்த்துக்கொண்டு போகலாம். பிபியும் சர்க்கரையும் வருஷக்கணக்கில் அரித்து, மூளைக்கு உள்ளேயே இருக்கும் நூல் போன்ற குழாய்கள் அடைபடலாம். அல்லது இதயத்தில் உறைந்த ரத்தக்கட்டி கிளம்பி வந்து மாட்டலாம். வழக்கமான டெஸ்ட்டுகளில் பெரும்பாலும் இதில் ஏதாவது ஒன்று அகப்பட்டுவிடும். எல்லாம் பார்த்த பிறகும் அகப்படாதவர்கள், அடைப்பு வந்தவர்களில் கிட்டத்தட்ட நாலில் ஒருவர். இதற்கு மருத்துவர்கள் வைத்த பெயர் கிரிப்டோஜெனிக் ஸ்ட்ரோக். ‘கிரிப்டோஸ்’ என்றால் கிரேக்கத்தில் மறைந்திருப்பது. பெயர் வைத்தவர்கள் கவனமாகத்தான் வைத்திருக்கிறார்கள். காரணமே கிடையாது என்று இதற்குப் பொருள் இல்லை, எங்கேயோ ஒளிந்திருக்கிறது என்றுதான் பொருள்.

அந்த அம்மாவின் எம்ஆர்ஐ படத்திலேயே ஒரு துப்பு இருந்தது. மூளையின் இடது பக்கம் ஒரு பெரிய வெள்ளைத் திட்டு. வலது பக்கம் பின்னால், யாரும் எதிர்பார்க்காத இடத்தில், இன்னொரு சின்னத் திட்டு. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதை வீராணத்தை வைத்துச் சொன்னால் சட்டென்று புரியும். ஒரு வாய்க்கால் தூர்ந்தால் அந்த வாய்க்கால் பாயும் வயல்தான் காயும். இந்தப் பக்கத்து வயலும் அந்தப் பக்கத்து வயலும் ஒரே வாரத்தில் காய்ந்தால் வாய்க்காலையா தோண்டிக்கொண்டிருப்போம்? ஏரி மதகுக்குப் போவோம். உடம்பின் மதகு இதயம். அங்கிருந்து கிளம்பும் ரத்தத்தில் நல்ல பங்கு நேராக மூளைக்குத்தான் ஏறுகிறது.

அதனால்தான் நெஞ்சில் ஜெல்.

கப்பல் பட்டறையிலிருந்து வந்த மிஷின்

எக்கோ என்பது ஒலி. காதுக்குக் கேட்காத ஒலியை உள்ளே அனுப்பி, பட்டுத் திரும்புவதை வைத்துப் படம் வரைவது. இதை ஒருமுறை தேவனாம்பட்டினத்து மீனவர் ஒருவரிடம் விளக்க ஆரம்பித்தேன். முடிக்க விடவில்லை. "நம்ம போட்டுல மீன் பார்க்கிற எக்கோ மாதிரிதானே?" என்றார். அதேதான். அந்த உறவு அவர் நினைத்ததைவிட நெருக்கமானது. 1953-இல் சுவீடனில் லுண்ட் நகரத்து இதய மருத்துவர் இங்கே எட்லரும் இயற்பியலாளர் ஹெல்முத் ஹெர்ட்ஸும் முதன்முதலில் இதயத்தின் எதிரொலியைப் பதிவு செய்தபோது, அதற்கு முன் சோதித்துப் பார்த்த கருவி பக்கத்து ஊரான மால்மோவின் கப்பல் கட்டும் தளத்தில் இரவல் வாங்கியது. இரும்பில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்கிற கருவி அது.

ஒலிக்குக் காற்றும் எலும்பும் ஆகாது. நுரையீரல் முழுக்கக் காற்று, முன்னால் விலா எலும்பு. அதனால்தான் இடது பக்கமாகச் சாய்ந்து படுக்கச் சொல்கிறோம். இதயம் நெஞ்சுச் சுவர் பக்கம் சரியும், நுரையீரல் ஒதுங்கும், விலா இடுக்கு வழியாக எட்டிப் பார்க்கலாம். ஜெல்லும் தோலுக்கும் கருவிக்கும் நடுவே காற்று புகாமல் இருக்கத்தான். சில்லென்று இருப்பதற்கு என்னைத் திட்டாதீர்கள், ஏசி அறையில் எல்லாம் அப்படித்தான் இருக்கும்.

இந்தச் சாதாரண எக்கோவிலேயே நிறைய அகப்படும். முன்பு ஹார்ட் அட்டாக் வந்து இடது கீழறையின் நுனி செத்துப்போயிருந்தால், அசையாத அந்த மூலையில் ரத்தம் தேங்கிக் கட்டியாகும். இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் இருக்கும் மைட்ரல் வால்வு சுருங்கியிருந்தால் தெரியும். சின்ன வயதில் தொண்டை வலி, மூட்டு வீக்கம், காய்ச்சல் என்று வந்துபோன ருமாட்டிக் காய்ச்சல் விட்டுப்போகும் வடு அது. மேலை நாடுகளில் அரிதாகிவிட்டது, நம் எக்கோ அறைகளில் இன்னும் அரிதில்லை. வால்வில் கிருமி தொற்றி வளர்ந்த குச்சங்கள் தெரியலாம். எப்போதாவது ஒருமுறை மிக்சோமா என்ற கட்டி, இடது மேலறையில் காம்போடு தொங்கிக்கொண்டு ஒவ்வொரு துடிப்புக்கும் வால்வுக்குள் எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். ரத்தக்கட்டி இல்லை அது, சதைக்கட்டி. ஆனால் அதன் துணுக்கும் மூளைக்குப் போய் அடைக்கும். ஆபரேஷன் செய்து எடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

அந்த அம்மாவுக்கு இதில் எதுவும் இல்லை. இடது மேலறை மட்டும் இருக்க வேண்டியதைவிடக் கொஞ்சம் பெரிது.

கழியில் தேங்குவது

சாதாரண எக்கோ தோற்கும் இடம் ஒன்று உண்டு. இடது மேலறையின் ஓரத்தில் கட்டைவிரல் அளவில் ஒரு பை ஒட்டிக்கொண்டிருக்கும். இடது ஏட்ரியல் அப்பெண்டேஜ் என்பது அதன் பெயர், எங்கள் பேச்சில் அப்பெண்டேஜ். எல்லோருக்கும் உண்டு. கடலூர்க்காரர்கள் உப்பனாற்றை நினைத்துக்கொள்ளுங்கள். ஆற்றின் நடுப்போக்கில் வண்டல் நிற்காது, ஒதுங்கிய கழியில்தான் படியும். இதயம் ஒழுங்காகத் துடிக்கும்வரை இந்தப் பையும் சுருங்கி விரிந்து தன்னைக் கழுவிக்கொள்ளும். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்கிற தாளம் தப்பிய துடிப்பு வந்தால் மேலறை சுருங்காது, சும்மா நடுங்கும். பையில் ரத்தம் தேங்கும், தேங்கினால் உறையும். வால்வில் கோளாறு இல்லாமல் இந்தத் துடிப்பு மட்டும் உள்ளவர்களிடம், மேலறையில் காணப்படும் கட்டிகளில் பத்துக்கு ஒன்பது இந்தப் பையில்தான் இருக்கின்றன. துடிப்பு இப்படி ஆனவர்களுக்குப் பக்கவாத அபாயம் மற்றவர்களைப் போல ஐந்து மடங்கு. கூடவே ருமாட்டிக் வால்வு சுருக்கமும் சேர்ந்தால் சுமார் 17 மடங்கு.

பிரச்சினை என்னவென்றால் அந்தப் பை நெஞ்சுக்கு முன்னாலிருந்து பார்க்க ரொம்பத் தள்ளி, பின்பக்கமாக இருக்கிறது. முன்வாசலில் நின்றுகொண்டு கொல்லைக் கிணற்றை எட்டிப் பார்க்கிற கதை.

ஆனால் இயற்கை ஒரு கொல்லைப்புற வழி வைத்திருக்கிறது. உணவுக்குழாய் இடது மேலறையை ஒட்டியே இறங்குகிறது. நுனியில் எக்கோ கருவி பொருத்திய குழாயை வாய்வழியாக விழுங்க வைத்தால், நடுவில் நுரையீரலும் இல்லை, எலும்பும் இல்லை. டிரான்ஸ் ஈசோஃபேஜியல் எக்கோ, சுருக்கமாக டிஇஇ (TEE).

எண்டோஸ்கோபி செய்துகொண்டவர்களுக்கு இது புதிதாக இருக்காது. ஆறு மணி நேரம் வெறும் வயிறு. தொண்டை மரத்துப்போக ஸ்பிரே, தேவைப்பட்டால் கொஞ்சம் மயக்க மருந்து. விழுங்க ஏற்கெனவே சிரமம் இருந்தால், உணவுக்குழாயில் புண், சுருக்கம், ஆபரேஷன் எதுவும் இருந்திருந்தால், கேட்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். பல் செட் இருந்தால் கழற்ற வேண்டும். நம் அம்மா செட்டைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டு, "என் பேரன்கூட என்னை இப்படிப் பார்த்ததில்ல" என்றார். குழாய் இறங்கும் அந்த அரை நிமிடம் கஷ்டம்தான், இல்லையென்று பொய் சொல்ல மாட்டேன். விழுங்குங்க, விழுங்குங்க என்று சொல்லும்போது வாந்தி எடுப்பது போலக் குமட்டும். உள்ளே போய்விட்டால் மூக்கால் மூச்சு விட்டுக்கொண்டு பத்து பதினைந்து நிமிடம் தாங்கிவிடலாம்.

திரையில் அவருடைய அப்பெண்டேஜ் வந்தது. கட்டி இல்லை. ஆனால் உள்ளே ஊதுபத்திப் புகை சுழல்வது போல மெல்லச் சுழன்றுகொண்டிருந்தது. நாங்கள் அதை ‘ஸ்மோக்’ என்றே சொல்வோம். வேகமாக ஓடும் ரத்தம் எக்கோவில் கறுப்பாகத்தான் தெரியும். ஓட்டம் மந்தமானால் சிவப்பணுக்கள் காசு அடுக்கியது போல ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிக்கொள்ளும், அந்த அடுக்குகள்தான் புகையாகத் தெரிகின்றன. கட்டி ஆவதற்கு முந்தைய நிலை என்று வைத்துக்கொள்ளலாம்.

இதே குழாய், இதயத்திலிருந்து ரத்தத்தை வெளியே கொண்டுபோகும் பெருந்தமனியின் வளைவையும் காட்டும். அங்கே 4 மில்லிமீட்டருக்கு மேல் தடித்த கொழுப்புப் படிவு இருந்தால் அதுவும் சந்தேகப் பட்டியலில் சேரும்.

மூடாத கதவு

தேவனாம்பட்டினத்து மீனவரை மறுபடி கூப்பிட வேண்டும். அவருக்கு 36 வயது. பிபி இல்லை, சர்க்கரை இல்லை, பீடிகூட இல்லை. வலை இழுத்துக்கொண்டிருக்கும்போது இடது கை தொங்கிவிட்டது. ஒரு வாரத்தில் ஏறக்குறைய சரியாகிவிட்டது. ஆனால் ஏன் வந்தது?

வயிற்றுக்குள் இருக்கும் குழந்தைக்கு நுரையீரல் வேலை செய்யாது. அதனால் வலது மேலறை ரத்தம் நேராக இடது மேலறைக்குப் போக நடுச்சுவரில் ஒரு திறப்பு இருக்கும். பிறந்து முதல் மூச்சு விட்டதும் அதன் கதவு சாத்திக்கொள்ளும், பிறகு ஒட்டிக்கொள்ளும். நாலு பேரில் ஒருவருக்கு ஒட்டுவதில்லை, சாத்தியபடி மட்டும் நிற்கிறது. பிஎஃப்ஓ என்று ரிப்போர்ட்டில் எழுதுவது இதைத்தான். சாதாரணமாகத் திறக்காது. இருமினால், முக்கினால், கனமாக எதையாவது இழுத்தால், வலது பக்க அழுத்தம் ஏறி ஒரு கணம் திறக்கும். கால் நரம்பில் உறைந்த ஒரு சிறு கட்டி அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தால், நுரையீரலில் சிக்கி நிற்க வேண்டியது மூளைக்கு ஏறிவிடும். 1877-லேயே கோன்ஹைம் என்ற ஜெர்மானிய மருத்துவர் இந்தக் குறுக்கு வழியை எழுதியிருக்கிறார்.

இதைக் கண்டுபிடிக்கும் குமிழி டெஸ்ட் எனக்குப் பிடித்த டெஸ்ட், ஏனென்றால் அதில் எந்தப் பகட்டும் இல்லை. இரண்டு ஊசிக்குழல், நடுவில் திருகு வைத்த த்ரீ-வே. 9 மில்லி சலைன், 1 மில்லி காற்று. இந்தக் குழலிலிருந்து அந்தக் குழலுக்கு, அங்கிருந்து இங்கே என்று டீக்கடையில் ஆற்றுவது போல வேகமாக மாற்றி மாற்றித் தள்ளினால், கண்ணுக்குத் தெரியாத குமிழிகளோடு கலங்கி வெளுத்துவிடும். உடனே கை நரம்பில் ஏற்றுவோம். திரையில் இதயத்தின் வலது பக்கம் பால் பொங்கியது போல வெளுக்கும். நுரையீரல் இந்தக் குமிழிகளை வடிகட்டிவிடும், ஆகவே இடது பக்கம் கறுப்பாகவே இருக்க வேண்டும். வலது பக்கம் வெளுத்ததிலிருந்து மூன்று துடிப்புக்குள் இடது பக்கத்தில் வெள்ளைப் புள்ளிகள் வந்தால், சுவரில் வழி இருக்கிறது. நேரம் கழித்து வந்தால் நுரையீரலில் எங்கேயோ குறுக்குப்பாதை இருக்கலாம்.

இதில் நோயாளி சரியான நேரத்தில் முக்கிப் பிடித்து, சொன்னதும் விட வேண்டும். பாதிப் பேருக்கு வெட்கத்தில் வராது. இவர் மட்டும், "வலை இழுக்கிற மாதிரியாண்ணே?" என்று கேட்டுவிட்டுக் கழுத்து நரம்பு புடைக்க மூச்சைப் பிடித்தார். விட்ட அடுத்த துடிப்பில் இடது பக்கம் முழுக்கப் பொரி இறைத்தது போலப் புள்ளிகள்.

ஓட்டை கிடைத்துவிட்டது, அடைத்துவிடலாமா? இங்கேதான் அவசரப்படக் கூடாது. நாலில் ஒருவருக்கு இருக்கும் ஒன்று, பக்கவாதம் வந்தவரிடமும் தற்செயலாக இருக்கலாம். வீட்டில் திருட்டுப் போன அன்று தெருவில் நின்றவன் எல்லாம் திருடன் ஆகிவிட மாட்டான். 70 வயதில், பிபி, சர்க்கரை, கொழுப்பு எல்லாம் உள்ளவரிடம் பிஎஃப்ஓ கிடைத்தால் அது பெரும்பாலும் வேடிக்கை பார்த்தவன்தான். வேறெந்தக் காரணமும் இல்லாத 36 வயதுக்காரரிடம், அதுவும் வலை இழுக்கும்போது வந்தது என்றால், சந்தேகம் வலுக்கும். 2017-இல் ஒரே நேரத்தில் வெளிவந்த மூன்று ஆய்வுகள், 60 வயதுக்கு உட்பட்ட இப்படிப்பட்டவர்களுக்குத் தொடை நரம்பு வழியாகக் குடை போன்ற கருவியைக் கொண்டுபோய் மூடினால், திரும்ப வருவது குறைகிறது என்று காட்டின. அவருக்கும் மூடினார்கள்.

சிடியும் எம்ஆர்ஐயும் இதயத்துக்கும் உண்டு. எல்லோருக்கும் தேவைப்படாது என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். குழாய் விழுங்க முடியாதவர்களுக்கு இதய சிடி கைகொடுக்கும். அப்பெண்டேஜில் ஓட்டம் மந்தமாக இருந்தால், படத்தில் தெரிவதற்காக நரம்பில் ஏற்றும் மருந்து உடனே நிறையாது, முதல் படத்தில் கட்டி இருப்பது போல ஏமாற்றும். ஒரு நிமிடம் விட்டு இன்னொரு படம் எடுத்தும் கறுப்பாகவே இருந்தால்தான் கட்டி. இதய எம்ஆர்ஐயின் பலம் தழும்பு பார்ப்பது. சர்க்கரை உள்ளவர்களுக்கு வலியே தெரியாமல் ஹார்ட் அட்டாக் வந்துபோயிருக்கும். மருந்து ஏற்றிப் பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் செத்த தசை வெள்ளையாகவும், அதன்மேல் ஒட்டிய கட்டி கறுப்பாகவும் தெரியும்.

இத்தனை தேடுவானேன், எல்லோருக்கும் ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையைக் கொடுத்துவிட்டால் போகாதா என்று அந்த அம்மாவின் மகன் கேட்டார். நியாயமான கேள்வி, பெரிய மருத்துவர்களும் கேட்டிருக்கிறார்கள். 2018-இல் வந்த நேவிகேட் ஆய்வில், காரணம் பிடிபடாத 7,000-க்கும் மேற்பட்டவர்களில் ஒரு பாதிக்கு ரிவரோக்சபான், மறுபாதிக்கு ஆஸ்பிரின். பக்கவாதம் திரும்ப வந்தது இரண்டிலும் ஒரே மாதிரி. ரத்தக்கசிவு ரிவரோக்சபானில் அதிகம். பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். அடுத்த ஆண்டு டாபிகட்ரானை வைத்து நடந்த ஆய்விலும் ஆஸ்பிரினைவிட லாபம் கிடைக்கவில்லை. காரணத்துக்கு ஏற்றபடி மாத்திரை மாறுகிறது என்பதுதான் விஷயம். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்றால் ரிவரோக்சபான், டாபிகட்ரான், அபிக்சபான் போன்ற புது மாத்திரைகள் நன்றாக வேலை செய்யும். அதே துடிப்போடு ருமாட்டிக் வால்வு சுருக்கமும் இருந்தால், பழைய வார்ஃபரின் வகைதான் மேல் என்று 2022-இல் இன்விக்டஸ் ஆய்வு சொன்னது, ரத்தம் உறையும் வேகத்தை அளக்கும் ஐஎன்ஆர் டெஸ்ட்டை மாதா மாதம் பார்க்கும் தொல்லையோடு சேர்த்து.

படத்துக்கு ஒரு குறை உண்டு. அது எடுத்த நிமிடத்தை மட்டும் காட்டும். தாளம் தப்புவது திடீரென்று வந்து திடீரென்று போகும், நம் எதிரில் வர வேண்டும் என்று அதற்கு ஒரு கட்டாயமும் இல்லை. 2014-இல் வந்த கிரிஸ்டல் ஏஎஃப் ஆய்வில், தோலுக்கு அடியில் சிறு பதிவுக் கருவி வைத்தவர்களில் ஓராண்டுக்குள் 12.4 சதவீதம் பேரிடம் இந்தத் துடிப்பு அகப்பட்டது. வழக்கமான முறையில் பார்த்தவர்களில் 2 சதவீதம்தான். மூன்று ஆண்டில் அந்த எண்ணிக்கை 30-ம் 3-ம். அதனால் பெரிய மேலறை, புகை என்று எக்கோவில் குறிப்பு கிடைத்தால், டாக்டர்கள் ஒரு நாள் முழுக்க ஈசிஜி பதியும் 24 மணி நேர ஹோல்டர் கருவியோடு விடுவதில்லை.

அந்த அம்மாவுக்கு நெஞ்சில் ஒட்டும் பட்டையை இரண்டு வாரத்துக்குப் போட்டு அனுப்பினார்கள். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் 22 கிலோமீட்டர்தான் என்றாலும் அவருக்கு அந்த பஸ் பயணம் பெரிய அலுப்பு. பட்டையைத் திருப்பிக் கொடுக்க வந்த அன்று, "ஒண்ணும் இருக்காதுப்பா, எனக்கு ஒரு படபடப்புகூட இல்ல" என்றார். பதிவில் ஒன்பதாவது நாள், விடிகாலை மூன்று மணிக்கு ஆரம்பித்துக் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் மேலறை தாறுமாறாக நடுங்கியிருந்தது. டாக்டர் தாளை நீட்டிக் காட்டினார். அம்மா உற்றுப் பார்த்தார்.

"அப்போ நான் தூங்கிட்டு இல்ல இருந்தேன்?"

ஆஸ்பிரினை அடித்துவிட்டு, அபிக்சபான் காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று டாக்டர் எழுதினார். மகன் சீட்டை வாங்கி, அந்தத் துணிக்கடைப் பைக்குள் கேள்விக்குறி போட்ட சம்மரிக்கு மேலேயே வைத்துக்கொண்டார்.